அகண்ட காவேரி உஸ்தாத்

புதிதாக ஓர் ஆள் வந்தால் நாமெல்லாம் முகத்தைப் பார்ப்போம். அவர் குனிந்து, அந்த ஆள் வந்த வண்டியின் அடியைப் பார்ப்பார்.

நான் வேலையில் சேர்ந்த அன்றும் அப்படித்தான் நடந்தது. அறுபத்தொன்றாம் வருடத்து ஐப்பசி மழை. ஸ்ரீரங்கத்திலிருந்து காவேரிப் பாலம் தாண்டி, ஜங்ஷன் தாண்டி, சைக்கிளில் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன். மன்னார்புரத்துக்குத் தெற்கே, இப்போது கே.கே. நகர் பஸ்கள் ஓடுகிற பக்கத்தில், அப்போது முள்ளும் செம்மண்ணுமாகக் கிடந்த வெளியில் ராணுவ வண்டிக் கொட்டகை ஒன்று இருந்தது. இருபது லாரி, நாலு ஜீப். எனக்கு அங்கே சிவிலியன் கிளார்க் வேலை. எந்த வண்டி எங்கே போனது, எப்போது திரும்பியது என்று எழுதி வைக்க வேண்டும். கையில் உத்தரவு, உடம்பெல்லாம் ஈரம். கேட்டுக்கு உள்ளே, முழங்கால் வரை சேற்றோடு நின்றிருந்த காக்கி அரைக்கால் சட்டைக்காரர் என் உத்தரவைக் கையில் வாங்கவே இல்லை. குந்தி உட்கார்ந்து, என் சைக்கிள் மட்கார்டுக்குள் விரலை விட்டு, ஒரு உருண்டை செம்மண்ணை வழித்து எடுத்தார்.

"இதைக் கடைசியா எப்ப குளிப்பாட்டினீங்க தம்பி?"

"மழையில நனைஞ்சுதானே சார் வந்திருக்கு."

"மழை நனைக்கும். கழுவாது. அதோ குழாய் இருக்கு. கழுவிட்டு உள்ள வாங்க."

இப்படியாக, அரசாங்க உத்தியோகத்தில் நான் செய்த முதல் காரியம் என் சொந்தச் சைக்கிளைக் கழுவியதுதான்.

அவர் ஹவில்தார். வண்டிப் பராமரிப்பு முழுக்க அவர் பொறுப்பு. டிரைவர்கள் நேரில் அவரை உஸ்தாத் என்பார்கள். ராணுவத்தில் தொழிலில் மூத்தவரை அப்படித்தான் கூப்பிடுவது. முதுகுக்குப் பின்னால் அவருக்கு வேறு பெயர்: அகண்ட காவேரி. காலையில் ரப்பர் குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டு அவர் வருவது தெரிந்தால் போதும், "அகண்ட காவேரி வருதுடா, பேண்ட்டை மடிச்சுக்கோ" என்று ஒரு குரல் எழும். இந்தப் பெயர் அவருக்கும் தெரியும். "கெட்ட பேரா என்ன? ஆத்துப் பேருதானே வச்சிருக்கானுங்க" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

குட்டையான உருவம். முன் தலையில் முடி ஏறிப்போயிருக்கும். எந்நேரமும் தண்ணீரில் ஊறியதால் விரல் நுனிகள் சுருங்கி வெளுத்துக் கிடக்கும். அந்த விரலால் எதையும் தடவிப் பார்க்காமல் அவரால் ஒரு வண்டியைக் கடந்துபோக முடியாது.

வண்டி கழுவுவது என்றால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. பானெட்டில் தண்ணீரை வீசி, துணியால் பளபளவென்று துடைத்துவிட்டு "ஆச்சு உஸ்தாத்" என்று சல்யூட் அடித்த ஒரு புது டிரைவரை அவர் அரைமணி நேரம் லாரிக்கு அடியில் படுக்க வைத்தார்.

"மூஞ்சிக்குப் பவுடர் அப்புறம் போடலாம். முதல்ல காலைக் கழுவு."

முதலில் அடிப்பாகம். மட்கார்டுக்கு உள்பக்கம், பட்டை ஸ்பிரிங்குகளின் இடுக்கு, சாஸி என்கிற அடிச்சட்டத்தின் மூலை, சேறு போய் அடைந்துகொள்ளும் இடம் எல்லாவற்றையும் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். கதவுகளின் அடியில் தண்ணீர் வடிவதற்காகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவற்றை ஈர்க்குச்சியால் குத்தி அடைப்பு எடுக்க வேண்டும். பிறகு வெயிலில் காயவிட்டு, ஒரு கைப்பிடித் துணியில் எண்ணெய் தொட்டுத் தடவ வேண்டும். வெளியே போன வண்டி திரும்பி வந்தால், பத்து மைலோ பத்தடியோ, இதெல்லாம் முடிந்த பிறகுதான் கொட்டகைக்குள் நிற்கலாம்.

"எதிரி என்னிக்கோ ஒரு நாள்தான் வருவான் தம்பி. துரு தினமும் வருது. அதுக்கு லீவே கிடையாது" என்பார்.

லாரிக்கு அடியில் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு சாதனம் இருந்தது. மூங்கில் குச்சியின் நுனியில் கட்டிய ஒரு வட்டக் கண்ணாடி. அது எங்கிருந்து வந்தது என்பதை அவர் வீட்டுக்குப் போனபோது தெரிந்துகொண்டேன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற சாலையில் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தார்கள், அவரும் அவர் மனைவியும் மட்டும். பிள்ளைகள் இல்லை. அந்த அம்மாளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பேச்சில் தன் கணவரைத் துவைத்துக் காயப்போட்டுவிடுவார்.

"என் தாய்வீட்டுக் கண்ணாடிங்க அது. நான் மூஞ்சி பார்த்துப் பொட்டு வைக்க வச்சிருந்தேன். இப்ப லாரிங்க வயித்தைப் பார்க்குது. நான் தண்ணித் தொட்டியில பார்த்துப் பொட்டு வச்சுக்கறேன்."

"பொட்டு நேராத்தானே இருக்கு?" என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமலே. அப்போது அவர் என் சைக்கிளின் செயின் கவரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"போன சித்திரையில தேர் பார்க்கக் கூட்டிட்டுப் போனேன் தம்பி. ஊரே கோவிந்தா கோவிந்தான்னு மேல பார்த்துக் கையெடுக்குது. இவரு மட்டும் குனிஞ்சு அச்சைப் பார்க்கறாரு. பக்கத்துல நின்ன ஒரு பெரியவரு, 'அடியேன் இப்படியொரு பக்தியைப் பார்த்ததில்லை, தரையோடு தரையா வணங்கறாரே' அப்படின்னு கண்ணு கலங்கிட்டாரு. நான் என்னத்தைச் சொல்ல?"

இவருக்கு ஏன் இந்தப் பித்து என்பதற்குக் கொட்டகையில் ஒரு கதை உலவியது. யுத்த காலத்தில் அவர் பர்மா எல்லையில் லாரி ஓட்டினார். உப்பும் சேறும் பிடித்துப் பிரேக் பைப் துருவேறியதைக் கவனிக்காமல் விட்டார். மலைப் பாதையில் பிரேக் பிடிக்காமல் லாரி பள்ளத்தில் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உயிர் நண்பன் அவர் மடியிலேயே செத்துப்போனான். அன்றிலிருந்து இப்படி. இந்தக் கதையைச் சொல்லும்போது டிரைவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நானும் நம்பினேன். அவர் லாரிக்கு அடியில் படுத்திருக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நண்பனின் நினைவு வந்து மனம் கனத்துப்போகும்.

அறுபத்து மூன்றில் எனக்குக் கல்யாணம். பெண் வீடு மணப்பாறை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பஸ் பேசிக்கொண்டு போனோம். முகூர்த்த நேரத்தில் ஹவில்தாரைக் காணோம். தாலி கட்டி முடித்து அட்சதை எல்லாம் விழுந்த பிறகு என் மாமனார் பதறிக்கொண்டு வந்தார். "மாப்பிள்ளை, பஸ் ஏதோ கோளாறு போலிருக்கு. பட்டு வேட்டி கட்டின ஒருத்தர் அடியில படுத்திருக்கார்."

போய்ப் பார்த்தேன். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தக் கால்களுக்குப் பக்கத்தில், தலைப்பாகையும் கெடா மீசையுமாக ஒரு மனிதர் இடுப்பில் கைவைத்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார். மாட்டுச் சந்தைக்கு வந்தவர் போலிருந்தது.

"ஏம்ப்பா, ஊர் ஊரா வந்து பஸ்ஸையும் விடமாட்டியா நீ? வெளிய வா, பொண்ணு மாப்பிள்ளை நிக்கிறாங்க."

ஹவில்தார் வெளியே வந்தார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். "தம்பி, இவன் என்கூடப் பர்மா பார்டர்ல லாரி ஓட்டினவன். ஒரே வண்டி, ஒரே தட்டு. இப்ப இங்க மாட்டு வியாபாரம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இவரா? இவர் செத்துப்போகலையா?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகுதான் புத்தி வந்தது. வேறு வழியில்லாமல் கொட்டகைக் கதை முழுவதையும் சொன்னேன். மாட்டு வியாபாரி பஸ்ஸில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இவன் ஒரு நாள் வண்டியைக் கழுவாம படுத்துத் தூங்கிட்டான். வெள்ளைக்கார சார்ஜெண்ட் பதினாலு நாள் தண்டனை குடுத்தான், வரிசையில நிக்கிற மொத்த வண்டியையும் இவன்தான் கழுவணும்னு. அழுதுக்கிட்டே கழுவினான். பதினஞ்சாவது நாள் விடியக்காலம் யாரும் கூப்பிடாமலே வாளியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டான். சார்ஜெண்ட்டே பயந்துபோய் டாக்டர்கிட்ட காட்டச் சொன்னான்."

"பிடிச்சுப்போச்சு," என்றார் ஹவில்தார், குழந்தை மாதிரி. "அதுக்கு என்ன பண்றது?"

கொட்டகையில் இதைச் சொன்னபோது டிரைவர்களுக்கு ஏமாற்றம். ஒருவன், "இருந்தாலும் மொதக் கதைதான் நல்லா இருக்கு சார்" என்று அதையே தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

அறுபத்து நாலு டிசம்பர் கடைசியில் புயல் வந்து தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. எங்கள் கொட்டகையிலிருந்து ஐந்து லாரிகள் அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு மண்டபம் பக்கம் போயின. ஓட்டிப்போனவர்களில் ஒருவன் கருப்பையா. லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அதட்டினால் திருப்பி அதட்டுகிற ஆள், ஆனால் வேலையில் சுத்தம். தென்னூரில் வாடகைக்கு ஒரு அறையில் இருந்தான். கிளம்பும்போது அவன் மனைவி பாக்கியம் நிறைமாதமாக இருந்தாள். அவன் கடற்கரையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நாளில் இங்கே அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, முற்பகல் பதினோரு மணி வாக்கில் லாரிகள் திரும்பின. ஐந்தும் ஐந்து உப்பளம் மாதிரி இருந்தன. கடல் தண்ணீர் தேங்கிய பாதையிலும் கரை மணலிலும் ஓடி ஓடி, சக்கரத்திலிருந்து கதவு வரை வெள்ளை பூத்திருந்தது. ஹவில்தார் முதல் லாரிக்குப் போய் ஸ்பிரிங் பட்டையில் விரலை வைத்துத் தேய்த்து, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது.

அன்று பார்த்து எங்கள் பம்பு மோட்டார் எரிந்துபோய்க் கிடந்தது. ரிப்பேர் ஆள் மறுநாள்தான் வருவான். கேப்டன் இளவயதுக்காரர், நல்ல மனுஷர். "பசங்க ரொம்பக் களைச்சிருக்காங்க. நாளைக்குக் கழுவிக்கலாம்" என்றார்.

ஹவில்தார் சல்யூட் அடித்தார். அடித்துவிட்டு அங்கேயே நின்றார்.

"என்ன?"

"சார், மார்கழிப் பனி. உப்பு அந்தப் பனியைக் குடிக்கும். குடிச்சுட்டு உள்ள இறங்கும். நாளைக்குக் கழுவினா மேல இருக்கறது போகும். உள்ள போனது போகாது சார்."

"தண்ணி?"

"கொள்ளிடத்துல ஓடுது சார்."

கேப்டன் பேனாவை எடுத்தார். வண்டிகளை வெளியே எடுக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் கூடப் போங்க. வழியில பாலத்தையும் சேர்த்துக் கழுவிடாம பார்த்துக்கங்க" என்றார்.

கருப்பையா வழியை மறித்துக்கொண்டு நின்றான். "உஸ்தாத், எனக்குப் புள்ளை பொறந்து ஆறு நாளாச்சு. இன்னும் மொகம் பார்க்கல. என் வண்டிய வேற யாராச்சும் ஓட்டட்டும்."

வேறு ஆள் இல்லை. மற்ற டிரைவர்கள் எல்லோரும் வெளியே டியூட்டியில் இருந்தார்கள். ஹவில்தாருக்கோ, பராமரிப்புக்கு மாறிய பிறகு ரோட்டில் வண்டி ஓட்ட அனுமதி இல்லை. "ஆத்துக்குப் போயிட்டு அங்கிருந்து நேரா வீட்டுக்குப் போயிடு" என்றார் ஹவில்தார்.

ஊருக்குள் புகுந்து போனோம். தென்னூர் திரும்புகிற இடத்தில் கருப்பையா ஹாரனை விடாமல் அடித்தான். யாருக்காக அடித்தான் என்று எல்லோருக்கும் தெரியும். முன் லாரியில் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்ரீரங்கத்தைத் தாண்டிக் கொள்ளிடக் கரையில், மணல் அள்ளும் மாட்டு வண்டிகள் இறங்குகிற தடத்தில் லாரிகள் இறங்கின. ஓரமாக முழங்கால் ஆழத்துக்குத் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர்களுக்கு மகிழ்ச்சி. ஆற்றுக்குள் நேராக ஓட்டி இரண்டு தடவை முன்னும் பின்னும் போய்வந்தால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. அதற்குள் ஹவில்தார் குதித்து இறங்கி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு லாரிக்கு முன்னால் நின்றார்.

"உள்ள இறக்காதே! சக்கரத்துக்குள்ள மணல் போயிடும். வண்டி ஆத்துக்குப் போகக்கூடாது. ஆறுதான் வண்டிகிட்ட வரணும்."

ஆறு வாளியில் வந்தது. ஆறு பேர் வரிசையாக நின்று கை மாற்றினோம். நான் கிளார்க் என்பதை அன்று யாரும் மதிக்கவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "ஏங்க, பட்டாளத்துல லாரிக்கும் தலைக்குக் குளிப்பாட்டுவாங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். "சீயக்காய் வேணும்னா வாங்கிட்டு வரவா?" என்றாள் இன்னொருத்தி. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு லாரியாகப் போய் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னும் இருக்கு, ஊத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை "இன்னும் இருக்கு" என்றபோது கருப்பையா வாளியை மணலில் ஓங்கி எறிந்தான்.

"நீங்க ஒரு புள்ளையப் பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும் உஸ்தாத்!"

எல்லாக் கையும் நின்றுவிட்டது. துவைக்கிற கல்லில்கூடச் சத்தம் இல்லை. கருப்பையாவுக்கே முகம் வெளிறிப்போனது. ஹவில்தார் குனிந்தார். மணலில் கிடந்த வாளியை எடுத்தார். அலம்பினார். தண்ணீர் மொண்டுகொண்டு போய்க் கருப்பையாவின் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டார். அந்த லாரியின் அடிப்பாகம் முழுவதையும் அவர் ஒருவரே தேய்த்தார். நாங்கள் வாளி மட்டும் நீட்டினோம். உப்பும் சேறும் அவர் முகத்திலேயே வழிந்தன. ஆனாலும், இதையும் சொல்ல வேண்டும், கருப்பையாவை அவர் போகச் சொல்லவில்லை. வேலை முடிய நாலு மணி ஆனது. கடைசியாக ஸ்பிரிங் பட்டையைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "உப்பில்ல. போ" என்றார்.

ஈரக் காக்கியோடு கருப்பையா கரையேறி ஓடினான். ஹவில்தார் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொள்ள, அவன் லாரியை முன்னே போன லாரியில் சங்கிலி போட்டுக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். திரும்புகிற வழியெல்லாம் அந்தச் சங்கிலியையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அவர்மேல் கோபம்தான்.

அறுபத்தைந்து செப்டம்பரில் வடக்கே சண்டை மூண்டது. எங்கள் லாரிகளையும் கேட்டு உத்தரவு வந்தது. திருச்சி கூட்ஸ் யார்டில், திறந்த ரயில் வண்டிகளில் ஏற்றுவதற்கு முன் ஒரு அதிகாரி கையில் சின்னச் சுத்தியலோடு ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் புகுந்து தட்டிப் பார்த்தார். வேறு ஊர்க் கொட்டகை ஒன்றிலிருந்தும் அதே ரயிலுக்கு லாரிகள் வந்திருந்தன. அவையும் அந்தப் புயல் கடற்கரைக்குப் போய் வந்தவைதான். புது பெயிண்ட் அடித்துக் கல்யாண மாப்பிள்ளைபோல நின்றன. சுத்தியல் பட்டதும் சாஸி அப்பளமாகப் பொரிந்து உதிர்ந்தது. நாலு வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் ஐந்தும் கணீர் கணீர் என்றன. "இதை யார் பார்த்துக்கறது?" என்று அதிகாரி கேட்டார். கேப்டன் ஹவில்தாரைக் காட்டினார். அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அவரைப் பார்த்த வருடங்களில் அவ்வளவு சந்தோஷமாக அவர் நின்றதில்லை.

லாரியோடு அதன் டிரைவரும் போக வேண்டும். வழியனுப்ப வந்திருந்த கூட்டத்தில் பாக்கியம் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். ரயில் நகர்ந்து போன பிறகு நேராக ஹவில்தாரிடம் வந்தாள். அழவில்லை. சத்தம் போடவும் இல்லை.

"அந்த நாலு வண்டிக்காரங்க வீட்டுக்குப் போறாங்க. பார்த்தீங்களா? அன்னிக்குப் புள்ளை மொகத்தைப் பார்க்க விடாம கழுவ வச்சீங்க. கழுவாம விட்டிருந்தா இன்னிக்கு இவரும் வீட்டுக்கு வந்திருப்பாரு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் கொட்டகையில் ரப்பர் குழாய் சுருட்டியபடியே கிடந்தது. அதற்கடுத்த நாளும். வெளியே போய் வந்த ஒரு ஜீப் சேற்றோடு நேராக உள்ளே வந்து நின்றது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கழுவச் சொல்லவில்லை. அந்த டிரைவர் பயந்துபோய்த் தானாகவே எடுத்துப் போய்க் கழுவினான்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். "துருப்பிடிச்ச வண்டியில அந்தப் புள்ளைய அனுப்பியிருந்தா மட்டும் நல்லா இருந்திருக்குமா?"

"அனுப்பியிருக்கவே மாட்டாங்க. அதைத்தானே அந்தப் பொண்ணு சொல்லுது" என்றார் அவர். "அது சொன்னதுல தப்பு எங்க இருக்கு? நீயே சொல்லு."

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனார். நான் செருப்பைத் தேடினேன்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு செய்தி கிடைத்தது. தென்னூரில் தெருக்குழாயில் பெண்கள் வரிசையில் ஒரு மிலிட்டரிக்காரர் குடத்தோடு நிற்கிறாராம். போய்ப் பார்த்தேன். அவரேதான். டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் தினமும் இரண்டு குடம் பிடித்துப் பாக்கியத்தின் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். முதல் நாள் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டாம் நாள் குடத்தை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலிக் குடத்தை வாசலில் வைத்திருந்தாள்.

விஷயம் தெரிந்ததும் அக்கா கொதித்தார். "இருபது வருஷத்துல எனக்கு ஒரு செம்புத் தண்ணி மொண்டு குடுத்ததில்ல இந்த மனுஷன்!" கொதித்துவிட்டு, மறுநாள் ஒரு தூக்கில் ரசமும் இன்னொன்றில் பருப்பு சாதமும் எடுத்துக்கொண்டு தானும் தென்னூருக்குக் கிளம்பிவிட்டார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார். ஹவில்தாரோ, தவழ்கிற குழந்தையைச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பார். தூக்கச் சொன்னால், "கையெல்லாம் ஈரம்" என்பார்.

பாக்கியம் என்னிடம் புகார் சொல்கிற அளவுக்கு நிலைமை முன்னேறியது. "தண்ணி கொண்டாந்து வைக்கிறாரு, சரி. குடத்தோட அடியைத் தினம் தேய்க்கிறாருங்க. இன்னும் ஒரு மாசம் போனா அடியே இருக்காது."

கருப்பையா நல்லபடியாக அடுத்த மாசியில் திரும்பி வந்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவன் ஓட்டிப்போன லாரி வரவில்லை. அங்கேயே வேறு படைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் செப்டம்பரில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோ சொன்னது. அதன் பிறகும் மூன்று வாரம் கடிதம் இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள் நானும் அவரோடு தென்னூருக்குப் போனேன். பாக்கியம் வாசலிலேயே நின்றிருந்தாள், அவளுக்குப் பின்னால் குழந்தையோடு அக்கா. கையில் பிரிக்காத கடிதம். காலையிலேயே வந்துவிட்டதாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து அறையில் படித்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் கொடுக்கவில்லை. அதை அவரிடம் நீட்டினாள்.

"நீங்க படிங்க."

அவர் கையைக் காக்கிச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஓரம் கிழியாமல் பிரித்தார். படித்தார்.

கருப்பையா சுகம். முழங்கையில் சின்னக் காயம், ஆறிவிட்டது. இங்கே ரொட்டிதான் தினமும், சோறு வாரத்துக்கு ஒரு நாள். குளிர் ஆரம்பித்துவிட்டது. பாப்பாவுக்குப் பல் முளைத்ததா, நடக்கிறாளா, அப்பா என்கிறாளா? அம்மாவுக்கு லால்குடிக்குத் தகவல் சொல்லவும். வெள்ளாட்டுக் குட்டியை விற்க வேண்டாம். அவ்வளவுதான்.

படித்து முடித்து அவர் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். முகவரி எழுதிய பக்கத்தைப் பார்த்தார். மடிப்பு ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"என்னங்க?" என்றாள் பாக்கியம் பயந்துபோய். "இன்னும் ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல," என்றார் அவர். "வண்டியைப் பத்தி ஒரு வரிகூட எழுதலையே."

பாக்கியம் அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கூட்ஸ் யார்டிலிருந்து அன்று வரை அவள் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அக்காவும் சேர்ந்துகொண்டார். குழந்தை ஒன்றும் புரியாமல் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. "எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்றார் அவர். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

பதில் எழுத வேண்டும் என்றாள். அவள் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். பல் நாலு, நடக்கிறாள், குட்டியை விற்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு தயங்கி, "கீழ கொஞ்சம் இடம் இருக்கும்மா. நான் ஒரு வரி சேர்த்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

"கழுவச் சொல்லித்தானே? எழுதுங்க, எழுதுங்க."

கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். ஒட்டித் தபாலில் போடும் வேலையை என்னிடம் கொடுத்தார். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, செய்யக்கூடாத காரியம்தான், பிரித்துப் படித்தேன்.

"வண்டி எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை. நீ பத்திரமாக வந்து சேர்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, மறுபடி யோசித்துச் சேர்த்தவர்போல, பொடி எழுத்தில் இன்னொரு வரி:

"ஆனாலும் முடிந்தால் அடியில் மட்டும் ஒரு வாளி ஊற்று."